கல்யாண நாளில் மட்டும் வரும் வைஃபை

அந்த வீட்டு வைஃபைக்கு ஒரு விநோத வியாதி. தெருவில் எங்காவது கல்யாணம் என்றால் துள்ளிக் குதித்து வேலை செய்யும். மற்ற நாட்களில் படுத்துவிடும். வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று ஸஹ்லாவுக்குத் தெரியும். ஆனால் அவளிடம் ஆதாரம் இருந்தது, ஒரு நோட்டு நிறைய.

ஸஹ்லாவின் புருஷன் அஃப்ஸல் சவூதியில், தம்மாமில் இருக்கிறான். அவள் காயல்பட்டினத்தில், உம்மா வீட்டில். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் கற்றுக்கொடுக்கும் வேலைக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். மாதிரி வகுப்பு ஒன்று எடுத்துக் காட்ட வேண்டும். முதல் தடவை வணக்கம் சொல்வதற்குள் லைன் அறுந்தது. இரண்டாவது தடவை பாதியில். மூன்றாவதுதான் கடைசி வாய்ப்பு என்று கறாராக எழுதிவிட்டார்கள். பி.ஏ. முடித்து ஆறு வருடம் வீட்டில் இருந்தவளுக்கு அந்த வேலை வேண்டும். ஆசைக்கு அல்ல, மூச்சு விடுவதற்கு.

நெட் கம்பெனி ஆள் செந்தூர்வேல் மூன்று முறை வந்து பார்த்தார். மோடம் இருப்பது ஆண்கள் உட்காரும் முன்கூடத்தில். கம்ப்யூட்டர் பெண்கள் புழங்கும் உள் அறையில். நடுவே ஒன்றரை அடிச் சுவர். அதில் விருந்தாளிகளுக்கு டீ நீட்டுவதற்கென்று கதவில்லாத சின்ன ஜன்னல் ஒன்று. யார் கண்ணும் உள்ளே படாதபடி உம்மா அதை எதையாவது வைத்து எப்போதும் மறைத்திருப்பாள். செந்தூர்வேல் உள்ளே வரமாட்டார், ஸஹ்லா வெளியே போகமாட்டாள். ஆகவே வைத்தியம் சுவருக்கு இரண்டு பக்கமும் நின்று நடந்தது.

"இங்கன ஃபுல்லா காட்டுதே தங்கச்சி!"

"இங்கன ஒரு கோடுகூட இல்லியே அண்ணாச்சி!"

"அப்போ உங்க கம்ப்யூட்டர்லதான் கோளாறு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் பைக்கைக் கிளப்பினார். பாவம், அவர் நின்ற இடத்தில் கோளாறு இல்லைதான்.

ஸஹ்லா விடவில்லை. மழை, கரண்ட், கடல்காற்று, பக்கத்து வீட்டு மோட்டார் என்று தேதிவாரியாக எழுதி வைத்தாள். எதுவும் பொருந்தவில்லை. ஒருநாள் உம்மா ஹாஜரா பீவி நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"நாலாந்தேதி நல்லா வந்துச்சா? அன்னைக்கித்தானே எதிர்வீட்டு ருஷ்தாவோட தங்கச்சிக்கு நிக்காஹ்."

"பதினொண்ணு?"

"மூலை வீட்டுல கல்யாணம்."

ஸஹ்லாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நல்ல நாள் ஏழும் கல்யாண நாள்! தெருவே கல்யாண வீட்டுக்குப் போய்விடுகிறது, நெட்டை இழுக்க ஆளில்லை, அதுதான் காரணம் என்று முடிவுகட்டினாள். பெரிய மூளைக்காரி. அடுத்த கல்யாணம் வியாழக்கிழமை, ருஷ்தாவின் மாமி வீட்டில். அன்று மாலை நாலு மணிக்கே வகுப்பைக் கேட்டு வாங்கினாள்.

வியாழக்கிழமை காலையிலிருந்தே வைஃபை கோடுகள் நிறைந்து நின்றன. கல்யாண வீட்டில் தலையைக் காட்டிவிட்டு ஓடிவந்து ஸஹ்லா கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். மூன்றே முக்காலுக்கு, கல்யாணத்துக்கு இரவல் போயிருந்த ஸஹ்லா வீட்டு சஹன் தட்டுகள் பின்பக்க முடுக்குச் சந்து வழியாகத் திரும்பி வந்தன. இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய எவர்சில்வர் தட்டுகள், பன்னிரண்டு. தெருவில் எந்தக் கல்யாணத்துக்கும் அவைதான் போகும். உம்மா அவற்றைத் துடைத்து, வழக்கம்போல ஜன்னலில் வரிசையாகச் சாய்த்தாள். அதுவரை அங்கே தொங்கிய துணியை அவிழ்த்து வாளியில் ஊறப்போட்டாள்.

திரையில் ஒரு கோடு போனது. இன்னொன்றும் போனது.

ஸஹ்லா திரையைப் பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். எழுந்துபோய்த் தட்டுகளை ஒதுக்கினாள். கோடுகள் வந்தன. திரும்பச் சாய்த்தாள். போயின. மணியை மறந்து மூன்று தடவை இதையே செய்தாள். அத்தனை சந்தோஷம்.

"உம்மா! கல்யாணம் இல்ல, தட்டு! தட்டு வெளிய போனாத்தான் நெட்டு உள்ள வருது!"

"ஏளா, என்ன உளறுத? தட்ட வையி. ஆம்பளைங்க வாராங்க."

உண்மைதான். வாப்பா யஹ்யா கல்யாணத்துக்கு வந்த வெளியூர்க்காரர்கள் நாலு பேரோடு கூடத்தில் வந்து உட்கார்ந்தார். துணியோ, அதைக் கட்டும் நாடாவோடு வாளியில். மணி மூன்று ஐம்பத்தெட்டு. காரணத்தைக் கண்டுபிடித்த கையோடு வேலை கைவிட்டுப் போகிறதே என்று ஸஹ்லாவுக்கு அழுகை முட்டியது.

உம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தட்டுகளைச் சத்தமில்லாமல் தரையில் இறக்கினாள். வெளியே போகும்போது போர்த்தும் வெள்ளைத் துப்பட்டியை எடுத்து, ஜன்னல் ஓரமாக ஒதுங்கி நின்று, இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தாள்.

"ம், நடத்து."

திரையில் பிள்ளைகள் வந்தார்கள், வகுப்பு தொடங்கியது. கூடத்திலிருந்து வாப்பா குரல் கொடுத்தார்: "ஹாஜரா, டீ என்னாச்சு?"

"இன்னைக்கி லேட்டாவும்."

அந்த வீட்டில் அப்படி ஒரு பதிலை ஸஹ்லா கேட்டதே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தாள். நாற்பது நிமிடம், ஒரு தடவைகூட அறுபடவில்லை. முடிவில் திரையிலிருந்த மேலதிகாரி, திங்கட்கிழமையே சேர்ந்துகொள்ளலாம் என்றார்.

உம்மா துப்பட்டியை இறக்கி மடித்தாள்.

"பழம்னு சொல்ல வராம ஒரு புள்ள முழிச்சிச்சே, கடைசியில சொல்லிட்டுது. நீ கத்தாமத்தான் சொல்லிக் குடுத்த" என்றாள். பிறகு தோளைத் தடவிக்கொண்டே வாளியைப் பார்த்தாள்.

"தட்டெல்லாம் இனி ருஷ்தா வீட்டுலயே கெடக்கட்டும். திங்கக்கிழமைக்குள்ள துணி காஞ்சிரும்."