ரெண்டு மாடி போதும்

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, அக்காவின் மூக்குக்கண்ணாடியை வெந்நீரில் நனைத்து, காதில் மாட்டும் பகுதியை மெல்ல வளைத்துக்கொண்டிருந்தான் தம்பி. கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். முகம் வற்ற வற்ற அது அவள் மூக்கிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது. மாட்டிப் பார்த்தான். இப்போதைக்கு நின்றது.

"கடைக்கு வர்றவங்க மூஞ்சியையும் இப்படித்தான் புடிச்சுத் திருப்புவியா?"

"அவங்க காசு குடுப்பாங்க. மரியாதையா திருப்புவேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆனது.

இன்றோ நாளையோ என்று டாக்டர் காலையிலேயே அவனிடம் சொல்லியிருந்தார். அவளுக்கும் தெரியும். அதை மட்டும் இருவரும் பேசவில்லை. மற்றபடி அவள் பேச்செல்லாம் கட்டடம்தான். பொறியியல் மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகம் கட்டவிருந்த புதுக் கட்டடம். கட்டட வடிவமைப்பாளரான அவளிடம், கார்பன் புகை எவ்வளவு குறையுமோ அவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பழைய பட்டறைக் கூடத்தை இடிக்காமல், அதன் தூண்களின் மேலேயே புது ஆய்வகங்களை எழுப்பலாம் என்று வரைந்திருந்தாள். சிமெண்டையும் கம்பியையும் செய்யும்போதே பெரும்புகை போய்விடுகிறது, இந்தக் கூடத்துக்கான புகை எப்போதோ போய்த் தீர்ந்தது, அதை உடைத்துவிட்டு மறுபடி புகை விடுவானேன் என்பாள். குழாயும் வயரும் உத்தரமும் மூடாமல் வெளியே தெரிய வேண்டும், பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தே பாதி படித்துவிடுவார்கள் என்பாள்.

கதவருகே வாத்தியார் தலை தெரிந்தது. அந்தப் பல்கலைக்கழகத்தில் துறைத் தலைவர் அவர். அக்காவோடு ஒன்றாகப் படித்தவர்; அப்போதே எல்லாருக்கும் எல்லாவற்றையும் விளக்குவார் என்பதால் அவள் வைத்த பெயர் அது. உள்ளே வராமல் தம்பியை வெளியே அழைத்தார்.

"காலையில கமிட்டி கூடிச்சு தம்பி. இடிச்சிட்டு நாலு மாடி கட்டறதுன்னு முடிவாயிடுச்சு. பழைய தூண் அவ்வளவு பாரம் தாங்காதாம்." குரல் தாழ்ந்தது. "அவகிட்ட சொல்லிடாத. நிம்மதியா போகட்டும்."

காபி வாங்கி வருவதாகச் சொல்லி நடந்தார்.

தம்பி உள்ளே வந்து போர்வையைச் சரிசெய்தான். சரியாக இருந்ததையே மறுபடி சரிசெய்தான்.

"என்னவாம் வாத்தியாருக்கு? உள்ள வராம போறான்."

அப்பா இறந்த அன்று அவன் வெளியூரில் இருந்தான். உடம்பு சரியில்லை, கிளம்பி வா என்றுதான் எல்லாரும் போனில் இழுத்தார்கள். அக்கா போனைப் பிடுங்கி, "அப்பா போயிட்டாருடா. பதறாம வா" என்றாள். வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தான். ஆனால் தெரிந்து அழுதான்.

"இடிக்கப் போறாங்களாம்க்கா. நாலு மாடி வேணுமாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். சொல்லியிருக்கக் கூடாதோ என்று நினைத்தான். ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் இறங்கிக் காதோரம் போனது. துடைக்கப் போன கையைத் தள்ளிவிட்டாள்.

"அவன கூப்பிடு."

வாத்தியார் காகிதக் கோப்பையோடு வந்து நின்றார்.

"நாலு மாடி எதுக்கு?"

அவர் தம்பியை ஒரு பார்வை பார்த்தார். "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நீ ரெஸ்ட் எடு."

"எடுக்கத்தான் போறேன். அதுக்கு முன்னாடி சொல்லு."

"க்ளாஸ் ரூம் பத்தலம்மா."

"மத்தியானத்துக்கு மேல உங்க மெயின் பிளாக்க சுத்திப் பாத்திருக்கியா நீ? பாதி ரூம் பூட்டிக் கிடக்கு. எல்லாருக்கும் காலையிலயே பாடம் நடத்திட்டு வீட்டுக்கு ஓடணும். ஒழுங்கா ஒரு டைம்டேபிள் போடத் துப்பில்ல, கட்டடம் கேக்கறீங்க."

"நீ வந்து போடேன். அதுக்கு எத்தன பேர் கால்ல விழணும் தெரியுமா?"

"விழு. ரெண்டு மாடி போதும். ரெண்டு மாடின்னா பழைய தூணே தாங்கும்."

"உனக்கு எல்லாமே சுலபம்."

"உனக்கு எல்லாமே கமிட்டி."

வாத்தியார் கையை வீசியதில் காபி சட்டையில் கொட்டியது. அதைக்கூடக் கவனிக்காமல் கூரைச் சுமையைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார். அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கிப் பதில் சொன்னாள். நர்ஸ் வந்து முறைத்த பிறகுதான் இருவரும் நிறுத்தினார்கள்.

"நாளைக்கு வர்றேன். படத்த வச்சுப் பேசுவோம்."

"சும்மா வராத. கணக்கோட வா."

அவர் போன பிறகு அக்கா கண்ணை மூடி மூச்சு வாங்கினாள். வெகுநேரம் கழித்து, "மாடிப்படிய வெளிப்பக்கமா வச்சிரலாம்" என்றாள்.

"சரிக்கா."

"என்னடா புரிஞ்சுது உனக்கு, சரிங்கற?"

"மாடிப்படி வெளிய."

"ம்."

ஜன்னலில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது போர்வை அசைவது நின்றது. தம்பி உடனே யாரையும் கூப்பிடவில்லை. அவள் கை சூடாக இருக்கும்வரை உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் வாத்தியார் தனியாக நின்றார்.

"கடைசியா அவகிட்ட சண்டை போட்டுட்டு வந்தேனே தம்பி. நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

அவனுக்கும் அந்த எண்ணம் இரவெல்லாம் இருந்தது. "கோவமாத்தான் இருந்தா. ஆனா, அவ அவளாவே இருந்தா அண்ணே" என்றான்.

அவர் தலையாட்டினார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

அடுத்த வாரம், அவள் அட்டையில் செய்த கட்டட மாதிரியை எடுத்துவரப் பல்கலைக்கழகத்துக்குப் போனான். மதியம் தாண்டியிருந்தது. வாத்தியார் அவனைத் தன் அறைக்கு அழைத்துப் போகாமல் மெயின் பிளாக்கின் நடைவழியில் கூட்டிப்போனார். ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே நடந்தார். பாதிக் கதவுகள் பூட்டிக் கிடந்தன.

"கமிட்டி மறுபடி கூடுது. ரெண்டு மாடின்னு சொல்லப் போறேன். கேப்பாங்களான்னு தெரியல."

காவலாளியிடம் சாவி வாங்கி ஒரு கதவைத் திறந்தார். அடைபட்ட வெக்கை முகத்தில் அடித்தது. வாத்தியார் முன்வரிசை பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, ஒடுங்கி உட்கார்ந்தார். தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்தான். கரும்பலகையில் யாரோ பாதி அழித்துவிட்டுப் போன கணக்கு ஒன்று இருந்தது.

"பூட்டிரட்டுமா சார்?" வாசலில் காவலாளி கேட்டார்.

"இருப்பா" என்றார் வாத்தியார். "ஆள் இருக்கோம்."