ஐம்பது நிமிடம் நின்ற லாரி

மேலாளருக்கு அன்றும் காலைக் காபி இறங்கவில்லை. கண்ணாடி அறையில் அவர் எதிரே இருந்த கணினித் திரையில் கம்பெனியின் இருபத்திரண்டு லாரிகளும் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருந்தன. இருபத்தொன்று சமர்த்தாகப் பச்சையில் ஓடின. ஒன்று மட்டும் காலி மைதானம் ஒன்றின் ஓரத்தில் சிவப்பாகி நின்றது. மணி எட்டு நாற்பது. நேற்றும் அதே இடம், அதே நேரம். ஒன்பதரைவரை அது அசையாது என்பது அவருக்கு மனப்பாடம்.

அது அக்காவின் வண்டி. கம்பெனியில் லாரி ஓட்டும் ஒரே பெண் என்பதால் வாட்ச்மேனிலிருந்து முதலாளிவரை எல்லோருக்கும் அவர் அக்காதான். மற்ற லாரிகள் ஒரே இடத்துக்கு ஒரே சரக்கைக் கொண்டுபோகும். அக்காவின் லாரிதான் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ என்று கலந்துகட்டி ஏற்றிக்கொண்டு எட்டுக் கடைகளுக்குப் போகும். அந்த வண்டியை அதற்கு முன் ஓட்டிய இருவர் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்கள். உடம்பு வளையாத ஆட்கள் என்று முடிவுகட்டி மேலாளர் அவர்களை மறந்துவிட்டார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. சொல்லப்போனால், ஓட்டுநர்களின் குறைகளைக் கேட்கவென்றே மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறவர். கூட்டம் ஒரு மணி நேரம். அதில் ஐம்பத்தைந்து நிமிடம் அவரே பேசுவார். மிச்ச ஐந்து நிமிடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்பார். போன கூட்டத்தில் அக்கா எழுந்து, சரக்கு ஏற்றும் வரிசை என்று ஆரம்பித்தார். குறித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மேலாளர் எழுந்து போய்விட்டார்.

பிறகு, வண்டி ஏன் நிற்கிறது என்று காரணம் கேட்டு அக்காவுக்கு ஒரு மெமோ போனது. அடுத்த வாரம் இன்னொன்று. இரண்டுக்கும் அவர் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிக் கொடுத்தார். மேலாளர் இரண்டின் மூலையிலும் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சேர்த்தார். பார்த்தது உண்மைதான், படிக்கத்தான் இல்லை. மூன்றாவது மெமோவோடு வேலை போய்விடும் என்பது கம்பெனி விதி. அக்காவின் கணவர் முதுகில் அடிபட்டு வீட்டோடு இருக்கிறார். இரண்டு பெண்கள் படிக்கிறார்கள். அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதெல்லாம் மேலாளருக்கும் தெரியும். அதனால், கையும் களவுமாகப் பிடித்த பிறகே மூன்றாவதைக் கொடுப்பது என்று தீர்மானித்து, முதலாளியிடமும் சொல்லிவைத்தார். அந்த அளவுக்கு அவர் நியாயஸ்தர்.

மறுநாள் எட்டரைக்கெல்லாம் மெமோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் மைதானத்துக்குப் போய், ஒரு மதில் சுவருக்குப் பின்னால் நின்றார். டீயும் அரட்டையுமாக இருப்பார்கள், இல்லாவிட்டால் சீட்டில் சாய்ந்து தூங்குவார்கள் என்பது அவர் கணிப்பு. லாரி வந்தது. அக்காவும், சரக்கு இறக்க உடன் வரும் லோடுமேனும் குதித்து இறங்கினார்கள். தரையில் அட்டைகளை விரித்து, பின்கதவைத் திறந்து, சாமான்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார்கள். கொஞ்ச நேரத்தில், யாரோ வீட்டைக் காலி செய்து மைதானத்தில் குடியேறிவிட்டது போல் இருந்தது.

மேலாளருக்குத் திக்கென்றது. சரக்கையே விற்கிறார்களா? மதிலைச் சுற்றிக்கொண்டு ஓடினார்.

அவரைப் பார்த்து அக்கா அதிரவில்லை. கட்டிலின் ஒரு முனை அவர் கையில் இருந்தது; அதிர நேரமில்லை.

"வந்துட்டீங்களா சார்? கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க. அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்க, கீழ இடிச்சா பாலிஷ் போயிடும்."

மேலாளர் மறுபேச்சில்லாமல் பிடித்தார். கட்டில் பத்திரமாகத் தரை இறங்கிய பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

"இதையெல்லாம் ஏம்மா இறக்குறீங்க?" என்றார். பதிலைக் கேட்கும் உத்தேசத்தோடு அவர் அக்காவிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"முதல் கடைக்குப் போற ஃப்ரிட்ஜ் உள்ள கோடியில கிடக்கு சார். கடைசிக் கடைச் சாமான் கதவோரமா நிக்குது. முதல் கடை இருக்கிறதோ சந்துல. அங்க நிறுத்தி அத்தனையும் இறக்கி ஏத்தினா தெருவே திட்டும். அதான் இங்கயே வரிசையை மாத்திக்கிறோம்."

கிடங்கிலேயே ஒழுங்காக ஏற்றச் சொல்வதற்கென்ன என்றார் மேலாளர். லோடுமேன் சிரிப்பை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆபீஸ் தரும் பட்டியல் வரிசைப்படிதான் கிடங்கில் ஏற்றுவார்கள், மாற்றினால் வண்டியை வெளியே விடமாட்டார்கள் என்று சொல்லி அக்கா அன்றைய பட்டியலை நீட்டினார். கடைகளின் பெயர்கள் அழகாக அகர வரிசையில் நின்றன.

மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. அகர வரிசை அவரே கொண்டுவந்த சீர்திருத்தம். யாராவது ஃபோனில் கேட்டால் ஆபீசில் சட்டென்று தேடி எடுக்கலாமே என்று செய்தது. முதலாளி கைகுலுக்கிப் பாராட்டியிருந்தார். ஆனால் கடைகள் தெருவில் அகர வரிசையிலா இருக்கின்றன?

இதை முன்பே சொல்லியிருக்கலாமே என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நல்லவேளை, விழுங்கிவிட்டார். படிக்காமல் கையெழுத்துப் போட்ட இரண்டு பதில்களும் நினைவுக்கு வந்தன. சொல்லாமல் நின்றுவிட்டதாக அவர் நினைத்த இரண்டு ஓட்டுநர்களும் நினைவுக்கு வந்தார்கள். அவர்களும் சொல்லித்தான் பார்த்திருப்பார்கள். மனிதருக்கு உண்மையிலேயே வெட்கமாகப் போயிற்று.

அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். மூவருமாகச் சாமான்களைத் திரும்ப ஏற்றினார்கள். வாஷிங் மெஷினை அவர் தூக்கிய லட்சணத்தைப் பார்த்து லோடுமேன் பதறிப்போனார்.

"முதுகால தூக்காதீங்க சார், முட்டியை மடக்குங்க. அடுத்த மாசக் கூட்டத்துல நின்னு பேசணும்ல."

அக்கா வாய்விட்டுச் சிரித்தார். மேலாளரும் சிரித்துவிட்டார். பிறகு பையிலிருந்த மெமோவை எடுத்து, அதன் பின்பக்கத்தில், அக்கா சொல்லச் சொல்ல எட்டுக் கடைகளையும் கடைசிக் கடையில் தொடங்கி, ஏற்ற வேண்டிய வரிசையில் எழுதிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து முதலாளி ஃபோனில் அழைத்து, ஆளைப் பிடித்தாயிற்றா என்று விசாரித்தார்.

"பிடிச்சாச்சு சார். தப்பு பண்ணினது நான்தான். வண்டி எங்க நிக்குதுன்னு கம்ப்யூட்டர் சொல்லிடும். ஏன் நிக்குதுன்னு ஓட்டுறவங்கதான் சொல்ல முடியும். இவங்க மூணு தடவை சொல்லியிருக்காங்க. நான்தான் காது கொடுக்கல."

ஃபோனை வைத்துவிட்டு, இனிமேல் நீங்கள் எல்லோரும் சொல்வதைக் கேட்கிறேன் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினார்.

"காதுல வாங்கினா மட்டும் கேட்டதா ஆகாது சார். சொன்னது நடக்கணும். நாளைக்கு லிஸ்ட் மாறி வரட்டும், அப்ப நம்புறேன் நீங்க கேட்டீங்கன்னு."

மேலாளர் அங்கேயே நின்று ஆபீசுக்கு ஃபோன் போட்டு, மெமோவின் பின்பக்கத்தில் எழுதிய வரிசையை வாசித்தார்.