அயோடினில் கறுத்த இலை

இலை கறுத்ததும் லேப் அக்காவுக்கு முதலில் தன் கண்மேல்தான் சந்தேகம் வந்தது.

பதினேழு வருஷமாக அந்தப் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தில் உதவியாளர். தலைமையாசிரியரிலிருந்து காவலாளிவரை எல்லாருக்கும் அவள் லேப் அக்காதான். இந்தச் சோதனையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்து காட்டுவாள். வெளிச்சம் பட்டால்தான் இலை தண்ணீரையும் காற்றையும் சேர்த்துச் சர்க்கரை பண்ணும். மிஞ்சியதை மாவுச்சத்தாக்கிப் பதுக்கி வைக்கும். இருட்டில் அந்த வேலை நின்றுபோகும், பதுக்கியதைத் தின்றே பொழுதை ஓட்டும். அதனால் வெள்ளிக்கிழமையே செம்பருத்தித் தொட்டியை மர அலமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுவாள். திங்கட்கிழமை ஓர் இலையைக் கொதிநீரில் போட்டு, ஸ்பிரிட்டில் பச்சையை இறக்கி, அயோடின் விட்டால் மஞ்சளாகவே இருக்க வேண்டும். மாவுச்சத்து இருந்தால்தான் நீலக் கறுப்பு.

நாற்பது பிள்ளைகள் பார்க்க, அந்த இலை மைக்கூட்டில் முக்கி எடுத்ததுபோல் கறுத்தது.

"வெள்ளிக்கிழமை செடியை உள்ள வெச்சீங்களா, இல்லையா?" என்று தாவரவியல் டீச்சர் கேட்டாள்.

"வெச்சேன் டீச்சர். என் கையாலதான் பூட்டினேன்."

"அப்போ செடி பொய் சொல்லுதா?"

பின்வரிசை குபீரென்று சிரித்தது. அக்காவுக்கு முகம் செத்துப்போயிற்று. அடுத்த வாரம் செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் முன்னாலும் இப்படி ஆனால்?

யார் வேலை இது என்று யோசிக்கக்கூட அவளுக்கு நேரம் பிடிக்கவில்லை. பக்கத்து வேதியியல் ஆய்வகத்து உதவியாளன்தான். வாய் அப்படி என்பதால் பள்ளியில் அவனுக்கு அமிலம் என்று பெயர். வரும் வருஷம் இரண்டு ஆய்வகத்துக்கும் சேர்த்து ஒரே உதவியாளர் போதும் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அலமாரிச் சாவியோ ஆய்வகத்து ஆணியில்தான் தொங்கும். ஆய்வகச் சாவி ஒன்று அவனிடமும் இருந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

தேநீர் வேளையில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அலமாரியைத் திறந்தது நீதானே தம்பி?"

"எந்த அலமாரிக்கா?"

"நடிக்காதே. என்னை வெளியே தள்ளிட்டு ரெண்டு சாவியையும் நீயே வெச்சுக்கலாம்னு பாக்கறியா?"

ஆசிரியர் அறையே திரும்பிப் பார்த்தது. எப்போதும் சுடச்சுடப் பதில் சொல்கிறவன் அன்று பாதித் தேநீரை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

அந்தப் பாதித் தேநீர் அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மாலையில் செடியின் மற்ற பக்கங்களிலிருந்தும் இலை பறித்து அயோடின் விட்டுப் பார்த்தாள். ஒரு பக்கத்து இலைகள் எல்லாம் கறுத்தன. எதிர்ப்பக்கத்து இலைகளில் லேசான கறைதான். கதவைத் திறந்து எட்டிப் பார்த்து மூடினால் இலை இப்படி ஆகாது. மணிக்கணக்காக, ஒரே பக்கத்திலிருந்து வெயில் அடித்திருக்க வேண்டும். ஆய்வகத்து ஜன்னல்களை எதிர்க்கட்டடம் மறைத்து நிற்கிறது. காலை வெயில் நேராக விழுவது உள்ளே இருக்கும் பொருள் அறையின் ஒற்றை ஜன்னலில் மட்டும்தான்.

அந்த அறைக்கு இரண்டே சாவி. ஒன்று அவள் இடுப்பில். இன்னொன்று டீச்சரிடம்.

அதற்கப்புறம் பார்த்ததெல்லாம் சந்தேகமாகவே பட்டது. திங்கட்கிழமை காலையில் பொருள் அறையில் கை கழுவும் தொட்டி ஏன் ஈரமாக இருந்தது? சோப்பு வாசம் எப்படி வந்தது? டீச்சருக்கு வேண்டியவர்கள் யாரோ இந்த வேலைக்குக் காத்திருக்கிறார்களோ? என்னை எடுபடாதவளாகக் காட்டி அனுப்பத்தான் இத்தனையுமா? டீச்சர் சிரித்துப் பேசினால் அதிலும் ஓர் உள்நோக்கம் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல் செடியை உள்ளே வைத்துப் பூட்டினாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் பள்ளி வாசலில் நின்றாள்.

"டீச்சர் உள்ளதான் இருக்காங்க, பேப்பர் திருத்தறாங்க," என்றார் காவலாளி.

பொருள் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தரையில் பாய். பாடம் பண்ணின தவளைக் குடுவைகளுக்குமேல் கயிறு கட்டித் துவைத்த துணி காய்ந்தது. ஜன்னலில் செம்பருத்தி, முழு வெயிலில். அதன் காலடியில் ஒரு துண்டு விழுந்து கிடந்தது. கலைந்த தலையோடு டீச்சர் விருட்டென்று எழுந்தாள்.

"அக்கா... நீங்களா?"

அக்கா நேரே போய் ஆய்வகத்து மர அலமாரியைத் திறந்தாள். செடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டியும் தலையணையும் இருந்தன.

"வீட்டை விட்டு வந்து மூணு வாரம் ஆச்சு," என்றாள் டீச்சர். "வார நாள்ல பெட்டி ஆசிரியர் அறையில இருக்கும். சனி, ஞாயிறு அதைப் பூட்டிடுவாங்க, துப்புரவு ஆளும் இந்த அறையைத் திறக்கச் சொல்லி எட்டிப் பாப்பாங்க. பெட்டியை மறைக்க வேற இடமில்ல. செடிமேல துண்டு போட்டுத்தான் வெச்சேன். காத்துல விழுந்துடுது போல."

"தெரிஞ்சேதான் அத்தனை பிள்ளைங்க முன்னால என்னைக் கேட்டீங்களா?"

"அந்த நேரத்துல வேற என்ன சொல்றதுன்னு தெரியலக்கா. உண்மையைச் சொன்னா இந்த இடமும் போயிடும்."

அக்காவுக்கு அடங்கவில்லை. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் வாயெடுத்தாள். டீச்சர் பல் துலக்கும் பிரஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வதைப் பார்த்ததும் ஜன்னல் பக்கம் போனாள்.

"செடி என் வீட்டுக்கு வரட்டும். என் பீரோவுல இருட்டுக்குப் பஞ்சமில்ல," என்று தொட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "துணியை அந்தக் குடுவைமேல காயப்போடாதீங்க. மருந்து வாடை போகவே போகாது."

தேர்வு நல்லபடியாக முடிந்தது. இலை மஞ்சளாகவே நின்றது. மாதக் கடைசியில் டீச்சருக்கு ஒரு வாடகை அறை கிடைத்தது. தலைமையாசிரியரிடம், அன்றைக்கு அக்காமேல் தப்பில்லை, நான்தான் அவசரப்பட்டேன் என்று மட்டும் சொன்னாள். ஏன் என்று அவரும் கேட்கவில்லை.

அமிலத்திடம் பேசுவதுதான் பெரும்பாடாக இருந்தது. தேர்வு முடிந்த அன்றே அக்கா அவனுடைய ஆய்வகத்துக்குப் போனாள்.

"தம்பி, அன்னைக்கு உன்னைத் தப்பா பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதே."

அவன் பியூரெட் கண்ணாடிக் குழலைக் கழுவுவதை நிறுத்தவில்லை. "யாருன்னு தெரிஞ்சுதாக்கா?"

"இல்ல."

அவன் குழாயை மூடினான். முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"யாருன்னே தெரியலன்னா, நான் இல்லைன்னு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

"வேலை கிடக்கு," என்று முனகிவிட்டு வெளியே வந்தாள். மறுநாளிலிருந்து அவன், பக்கத்து அறைவரை போவதென்றாலும், தன் ஆய்வகத்தைப் பூட்டிக்கொண்டுதான் போனான்.