தேசிக்காயும் தும்பும்

பாலேஸ்வரியின் முற்றத்தில் ஒரு சருகு கிடந்து நீங்கள் காணமுடியாது. அவளுடைய குசினிச் சட்டிகளின் மினுக்கத்தைப் பற்றிக் கதைக்காத பெண்கள் இணுவிலில் குறைவு. அப்படிப்பட்டவளின் ஒரே மகள் தர்சிகாவின் பின்கழுத்தில்தான் அந்தக் கறுப்பு வந்து குந்தியது.

பதின்மூன்று வயதில் ஒரு கோடு மாதிரித் தொடங்கியது. வரவரத் தடித்து, தொட்டால் வெல்வெட் துணி போல இருந்தது. கோயில் வீதியில் வைத்து, பாலேஸ்வரியின் மச்சாள் இராசமலர் கேட்டேவிட்டாள்.

"என்னடி பிள்ளை, கழுத்திலை சட்டிக்கரியே? கொம்மா குசினியை மட்டும்தான் மினுக்கிறவவோ?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாலேஸ்வரிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அன்றைக்கே மகளைக் கிணற்றடியில் குந்தவைத்து, சாறு வடியும் பாதித் தேசிக்காயும் தேங்காய்த் தும்பும் எடுத்துக் கழுத்தைத் தேய்த்து உரஞ்சத் தொடங்கினாள். பிறகு அது வெள்ளிக்கிழமை வழக்கமாயிற்று.

"நோகுது அம்மா."

"ஊத்தையைச் சேர்த்து வைச்சால் நோகாமல் என்ன செய்யும்? அசையாதை!"

கறுப்புப் போகவில்லை, தோல்தான் போனது. உரஞ்சி முடித்ததும் பாலேஸ்வரிக்கு மனம் கேளாது. வாழைப்பழம் பிசைந்து வாய்ப்பன் சுட்டு, சீனி தாராளமாகப் போட்ட பால்தேத்தண்ணியோடு கொண்டுவந்து வைப்பாள். பிள்ளையும் சாப்பிடும். இப்படியே ஐந்தாறு வருடம் போயிற்று. தர்சிகா தலைமயிரை விரித்துவிட்டபடி, கொளுத்தும் வெயிலிலும் கொலர் வைத்த சட்டையோடு திரியப் பழகிவிட்டாள்.

மூன்று மாதமாக மாதவிடாய் வராமல் நின்றபோதுதான் பாலேஸ்வரி பயந்தாள். ஒருவருக்கும் சொல்லாமல் மகளை டொக்டர் நிவேதனாவிடம் கூட்டிப்போனாள். போனால், அங்கே நோயாளிகள் இருக்கும் வாங்கில் முழங்காலைப் பிடித்தபடி இராசமலர்!

"ஆருக்கடி வருத்தம்?"

"சும்மா தடிமன், மூக்கடைப்பு மச்சாள்," என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டொக்டர் சின்ன வயதுக்காரி. எல்லாம் கேட்டுவிட்டு, தர்சிகாவின் தலைமயிரை மெல்ல ஒதுக்கினா.

"உதென்ன காயம்? ஆர் உப்பிடி உரஞ்சினது?"

பாலேஸ்வரியின் வாய் அவளைக் கேளாமலே திறந்தது. "பிள்ளைதான் டொக்டர். சொன்னாலும் கேக்கிறேல்லை."

தர்சிகா தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. "ஓம் டொக்டர். நான்தான்."

"இது ஊத்தை இல்லைத் தங்கச்சி. எவ்வளவு உரஞ்சினாலும் போகாது. சாப்பிடுற சோறு, பாண் எல்லாம் இரத்தத்திலை சீனியாகும். அந்தச் சீனியை உடம்பு எடுத்துப் பாவிக்க இன்சுலின் வேணும். உம்மடை உடம்பு இன்சுலினுக்கு மசியுதில்லைப் போலை கிடக்கு. அதாலை உடம்பு இன்னுமின்னும் சுரக்குது. கூடின இன்சுலின் தோலைக் கறுப்பாக்கும், மாதவிடாயையும் குழப்பும். இரத்தம் சோதிச்சுப் பாப்பம். இப்பவே கவனிச்சால் சலரோகம், அதுதான் சீனி வருத்தம், வராமல் மறிக்கலாம். இனிப்புக் கூடச் சாப்பிடுறனீரோ?"

"வெள்ளிக்கிழமையிலை அம்மா வாய்ப்பன் சுட்டுத் தருவா."

அந்தக் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதுதான் பாலேஸ்வரியைச் சுட்டது.

"அதை விடுங்கோ. சோத்தைக் குறைச்சு மரக்கறியும் பருப்பும் கூட்டுங்கோ. தேத்தண்ணிக்குச் சீனி வேண்டாம். ஒவ்வொரு நாளும் வேர்க்க நடவுங்கோ. கழுத்தை மட்டும் சும்மா விடுங்கோ."

வெளியே வந்ததும் இராசமலர் விடவில்லை. "கழுத்தைக் காட்டினனீங்களே? என்னவாம், தேய்ச்சுக் குளிக்கட்டாமோ?"

தர்சிகா சுவரைப் பார்த்தாள். பாலேஸ்வரி திரும்பிப் போய் டொக்டரின் அறைக் கதவை அகலத் திறந்தாள்.

"டொக்டர், உரஞ்சினது நான். பிள்ளை எனக்காகப் பொய் சொன்னது. ஊர் சிரிக்குமெண்டு, ஐஞ்சாறு வருசமா நான்தான் உரஞ்சினனான்."

வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இராசமலர் முழங்காலைத் தடவுவதையும் மறந்துபோனாள். டொக்டர் ஏசுவா என்று பாலேஸ்வரி காத்து நின்றாள்.

"சரியம்மா. இனிமேல் உரஞ்சாதேங்கோ."

அவ்வளவுதான். ஏச்சு விழுந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பஸ் தரிப்பிடத்தில் நிழல் இல்லை. தர்சிகாவின் தலைமயிர் வேர்வையில் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது.

"ஏனம்மா எல்லாருக்கும் முன்னாலை சொன்னனீங்கள்?"

"மயிரைத் தூக்கிக் கட்டிவிடட்டே மோனை?" என்று பாலேஸ்வரி கையை நீட்டினாள். கை கிட்ட வந்ததும் பிள்ளையின் தோள்கள் இரண்டும் தாமாகவே காதுவரை ஏறின. கண்களும் இறுக மூடிக்கொண்டன.

பாலேஸ்வரி கையை இழுத்துச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்தாள்.

"பழக்கத்திலை அம்மா," என்றாள் தர்சிகா மெதுவாக. பிறகு தானே மயிரை அள்ளி உச்சியில் முடிந்தாள். "பஸ்ஸைக் காணேல்லை. நடந்து போவம். நடக்கத்தானே சொன்னவா."

அவள் முன்னே நடந்தாள். தும்பு கிழித்த கோடுகளோடு அந்தக் கழுத்து ஊர் பார்க்க வெயிலில் திறந்து கிடந்தது. பாலேஸ்வரி அதைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னால் நடந்தாள். எடுக்கத் தனக்கு உரிமை இல்லை என்று அவளுக்குப் பட்டது.