சத்தம் எட்டாத இடம்

நைனாவை இடது பக்கமாகப் புரட்டிப் பிடித்துக்கொண்டு முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள் அன்புச்செல்வி. ஹாலில் மறுபடியும் அழுகை கிளம்பியது. யாரோ புதிதாக வந்திருக்கிறார்கள். வந்தால் வரட்டும், ஆளை அந்தரத்தில் விட்டுவிட்டு ஓட முடியுமா? முட்டியால் அவர் இடுப்புக்கு முட்டுக்கொடுத்தபடி டயப்பர் பட்டையை இழுத்து ஒட்டினாள். அதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. இதையெல்லாம் அம்மா தனி ஆளாக எப்படித்தான் செய்தாளோ! அம்மா ஹாலில் ஐஸ் பெட்டிக்குள் கிடந்தாள்.

"எங்க அண்ணே, போயிட்டியா!" என்று அலறிக்கொண்டு, ஹாலில் கூட்டத்துக்கு நடுவே இருந்த பெட்டியைக் கவனிக்காமல், மாலையும் கையுமாக அறைக்குள் பாய்ந்து வந்தாள் கொட்டிவாக்கம் அத்தை. கட்டிலில் அண்ணன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு படுத்திருந்தார். அத்தை நின்ற இடத்திலேயே நின்றாள். மாலை கையிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.

"அத்தே, நைனா இல்ல. அம்மா," என்றாள் செல்வி.

"இன்னாடி சொல்ற?"

"அம்மா தான் அத்தே."

அம்மாவின் தம்பி முத்துகிருஷ்ணன் மாமா போனில் 'வூட்ல எழவு ஆயிடுச்சு' என்று மட்டும் சொல்லியிருந்தார். யாரு என்று ஒருத்தரும் திருப்பிக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பக்கவாதம் வந்த நாள் முதல், ஆறு வருஷமாக, அந்த வீட்டில் சாகப்போகிறவர் நைனா தசரதன்தான். டாக்டர் கைவிரித்தார் என்று சொந்தமெல்லாம் இரண்டு முறை சைதாப்பேட்டைக்கு ஓடி வந்து, வாயில் பால் ஊற்றிவிட்டு, அவர் விழுங்கிவிட்டதைப் பார்த்துத் திரும்பியும் போனது. அம்மா மணிமொழி இல்லாமல் போவாள் என்று யாருக்குத் தோன்றும்?

டொக், டொக்.

நைனா தட்டினார். பஸ் கண்டக்டராக இருந்தவர். கம்பியில் தட்டி டிக்கெட் கேட்டுப் பழகிய கை. பேச்சும் வலது பக்கமும் போன பிறகு, இடது கை மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டுவார். இரண்டு தட்டு தட்டினால் மணிமொழி வரவேண்டும். "தோ வந்துட்டேன்யா" என்று அவளும் வந்துவிடுவாள், பகலென்றும் ராத்திரியென்றும் பாராமல். இன்று விடிந்ததிலிருந்து தட்டிக்கொண்டே இருக்கிறார்.

காலையில்தான் செல்வி கோட்டூர்புரத்திலிருந்து வந்தாள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவாள், அம்மா கொஞ்சம் தலைசாய்ப்பாள். இரண்டாவது மாடிக்குத் திரும்புகிற படியில் அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பால் பாக்கெட். பால் வாங்கி வரும்போது அங்கே கொஞ்சம் உட்காருவது அம்மாவின் வழக்கம். "இங்க குந்திக்கினா அவரு தட்டறது கேக்காதுடி. அஞ்சு நிமிசம் நிம்மதி," என்பாள். அசந்துவிட்டாள் பாவம், தூங்கட்டும் என்று செல்வி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். பால் பாக்கெட்டை அம்மாவின் விரல்களுக்குள்ளிருந்து மெதுவாக உருவினாள். விரல்கள் சில்லென்றிருந்தன. பால் பாக்கெட்டின் சில்லிப்பு என்று நினைத்தாள்.

மேலே போய் நைனாவுக்கு முகம் துடைத்தாள். டிகாக்‌ஷன் இறங்கும்வரை நின்றாள். அம்மாவுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரை தூக்கலாகக் காபி கலந்து, ஆற்றி எடுத்துக்கொண்டு படியிறங்கி, "மா, எய்ந்திரு, காபி" என்றாள்.

டாக்டர் மாரடைப்பு என்றார், போய் ரொம்ப நேரமாகிவிட்டது என்றார். கீழ் வீட்டு ஜஹீதா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "தெனிக்கும் குந்தற எடம் தானேன்னு நானும் தாண்டிக்கினு தான் போனேன். பேப்பர்காரர் தாண்டிப் போனாரு. அல்லாவே, எத்தினி பேரு தாண்டினோம்!" செல்வி அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். பால் பாக்கெட்டை உருவிய சங்கதியை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அழுகையும் வரவில்லை.

மத்தியானம் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "உங்க நைனாவாண்ட சொல்லாத செல்வி. தாங்க மாட்டாரு. ஒரே நாள்ல ரெண்டு ஆயிடப்போவுது," என்றார் மாமா. அழுது அழுது அவர் கண் சிவந்திருந்தது. ஆனால் சுமங்கலியைப் புருஷன் கைக் குங்குமம் இல்லாமல் எப்படி அனுப்புவது? அத்தைதான் வழி சொன்னாள். "சும்மா அவரு வெரல குங்குமத்துல தொட்டு எட்த்தா. அத்த நாம வெச்சுடலாம். அவருக்கு இன்னா தெரியப்போவுது? குடுத்து வெச்சவ, பூவும் பொட்டுமா போறா."

"இன்னா குடுத்து வெச்சா?" என்று செல்வி கத்திவிட்டாள். "ஒரு நாளு முழுசா தூங்கல அத்தே எங்கம்மா!"

உள்ளே மறுபடியும் டொக், டொக்.

குங்குமச் சிமிழோடு அறைக்குள் போனாள். நைனா அவளைத் தாண்டிக் கதவையே பார்த்தார். அவர் இடது கையைப் பிடித்து மோதிர விரலைச் சிமிழுக்குள் அமுக்கி எடுத்தாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். விரலை முகத்துக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்தார். சிவப்பை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

கை கட்டிலில் விழுந்தது. தட்டவில்லை. விடிந்ததிலிருந்து இப்போதுதான் அந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை.

"ஆமா நைனா," என்றாள். "காலைல. படில குந்திக்கினே போயிட்ச்சு."

அதற்கு மேல் யாரையும் அவள் கேட்கவில்லை. மாமாவைக் கூப்பிட்டாள். நைனாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி ஹாலுக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டியைத் திறந்தார்கள். நைனா குங்கும விரலை நீட்டினார். குங்குமம் நெற்றியில் நில்லாமல் புருவத்தில் இழுவிக்கொண்டு போனது. அத்தை துடைத்துச் சரிசெய்யப் போனாள். "வுடு அத்தே, அப்டியே இருக்கட்டும்," என்றாள் செல்வி.

சாயங்காலம் எடுத்தார்கள். வீட்டைக் கழுவிவிட்டார்கள். ஆம்பிளைகள் இன்னும் சுடுகாட்டிலிருந்து திரும்பவில்லை. அத்தை சுருண்டு படுத்துவிட்டாள். நைனா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். செல்வி கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள். கால்கள் தானாக அந்தப் படிக்குப் போயின. உட்கார்ந்தாள். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள்.

"ஏய் செல்வி! செல்வி!"

தோளைப் பிடித்து யாரோ உலுக்கினார்கள். ஜஹீதா அக்கா, ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியர். முகம் வெளுத்துப்போயிருந்தது.

"முய்ச்சிக்கினு தான்கா கீறேன்."

ஜஹீதா அக்கா மூச்சை விட்டாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

மேலே, மூடிய கதவுக்குப் பின்னால், டொக், டொக்.

செல்வி தலையைத் தூக்கினாள். "இங்க கேக்குமாக்கா?"

"கேக்காம? கீய எங்க வூடு வரிக்கும் கேக்குமே."

செல்வி அம்மா உட்கார்ந்திருந்த படியை உள்ளங்கையால் தடவினாள். மறுபடி டொக், டொக். "தோ வந்துட்டேன்" என்றாள். வாய்தான் சொன்னது, உடம்பு எழவில்லை.

"நீ குந்து," என்றாள் ஜஹீதா அக்கா. கேரியரை அவள் மடியில் வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேலே ஏறினாள். "தோ வரேண்ணே!"

கேரியர் சூடாக இருந்தது. செல்வி இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள்.