ராக்கம்மா கேட்கும் குரல்

தெல்தோட்டைப் பக்கமுள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான மேல் லயத்துக்கும் கீழேயுள்ள பணிய லயத்துக்கும் ஒரே நேரத்தில் கேட்கக்கூடிய குரல் ஒன்றுதான் இருந்தது. அது தன்னுடையது என்று வீரையா முப்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். கோயில் மைக்செட்டுக்கு அவர்தான் பொறுப்பு. காமன்கூத்துத் திருவிழாவோ கல்யாணமோ, அவர் தொண்டையைச் செருமினால்தான் தொடங்கும். தோட்ட மேனேஜரான பெரிய துரைகூட ஒருமுறை “நல்ல சவுண்ட்” என்று பாராட்டியிருக்கிறார். துரை சொன்னது தன்னையா ஸ்பீக்கரையா என்ற சந்தேகத்தை வீரையா யாரிடமும் வெளியிட்டதில்லை.

கொரோனாவின் இரண்டாம் வருஷம் அந்தக் குரலுக்குப் போட்டி வந்தது. கண்டி டவுனில் போன் கடையொன்றில் வேலை செய்யும் ரவிகுமார், தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்பில் ஆடியோ போடத் தொடங்கினான்.

“அத்தைமாரே, சித்தப்பாமாரே, சாப்பிட்டீங்களா? பார்த்து இருந்துக்குங்க. இந்த ஊசி போட்டவங்க ரெண்டு வருஷத்துக்கு மேல இருக்க மாட்டாங்களாம். லயத்தயெல்லாம் காலி பண்ணிட்டு ஹோட்டல் கட்டப்போறாங்களாம். நான் சொல்லல, பெரிய பெரிய ஆளுங்க சொல்றாங்க.”

அது பொய் என்பது வீரையாவைச் சுடவில்லை. முதலில் அவரும் பாதி நம்பினார். இப்படி ஒரு விஷயம் தனக்குத் தோன்றாமல் போனதே என்பதுதான் சுட்டது. அதைவிட அதிகமாகச் சுட்டது அவருடைய வீட்டுக்குள்ளேயே நடந்தது. இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் புருஷன் பேச்சை ஒரு தடவைகூட முழுசாகக் கேட்காத ராக்கம்மா, ரவிகுமாரின் ஆடியோவை மூன்று தடவை போட்டுக் கேட்டாள். “சாப்பிட்டீங்களா” என்று அவன் கேட்கும்போது, “ஆமாப்பா” என்று போனுக்குப் பதிலும் சொன்னாள்.

பிறகு பக்கத்துக் காம்பராவில் குடியிருந்தவள் இருமிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூடிய பெட்டியாகக்கூட லயத்துக்குத் திரும்பி வரவில்லை. அவளுக்கும் ராக்கம்மாவைப் போலவே சீனி வருத்தம், சர்க்கரை; ராக்கம்மாவுக்கு இழுப்பு வேறு. அன்றிலிருந்து ராக்கம்மாவின் நெஞ்சு இழுக்கும் சத்தத்தை வீரையா படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பார். ஹோட்டல் கதையில் அவருக்கிருந்த பாதி நம்பிக்கையும் போய்விட்டது.

மருத்துவச்சி வேலை பார்க்கும் மிட்வைப் பிரேமிளா செவ்வாய்க்கிழமை வந்து சொன்னாள். “வியாழக்கிழமை சின்னப் பிள்ளைங்கள வீட்டுக்கு அனுப்பிட்டு, பிள்ளைக்காம்பராவுல ஊசி போடுறோம், அண்ணே. இத விட்டா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது. அக்காவ எப்படியாவது கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கு வந்தா நெஞ்சு தாங்காது.”

வீரையா மைக்கை எடுத்தார். தன் மொத்தத் திறமையையும் இறக்கினார்.

“அன்பார்ந்த தோட்ட மக்களே! எதிர்வரும் வியாழக்கிழமை காலை ஒன்பது மணியளவில் பிள்ளைக்காம்பராவில் நடைபெறவுள்ள ஊசி ஏற்றும் நிகழ்வில் அனைவரும் தவறாது கலந்துகொள்ளுமாறு…”

வீட்டுக்கு வந்தபோது ராக்கம்மா வாசற்படியில் நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள்.

“யாருங்க போயிட்டாங்க?”

“யாரும் போகல. ஊசிக்கு வரச் சொன்னேன்.”

“அதுக்கு ஏன் எழவு சொல்ற மாதிரி சொன்னீங்க? பணிய லயத்துல ரெண்டு பேரு அழவே ஆரம்பிச்சிட்டாங்க!”

வீரையா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். திருவிழாக்கள் நின்று ஒன்றரை வருஷமாகிறது. அவ்வளவு காலமும் அந்த மைக்கில் அவர் சொன்னது சாவுச் செய்தி மட்டும்தான். அந்தக் குரலில் ஊசிக்கு வா என்றால், பெட்டிக்கு அளவு கொடுக்க வா என்றுதானே கேட்கும்?

“உங்க சத்தத்தக் கேட்டாலே யாரு போனாங்களோன்னு இருக்கு. அந்தப் புள்ள ரவி எவ்வளவு பாசமா பேசுது! நான் ஊசிக்கு வர மாட்டேன்” என்று முடித்தாள் ராக்கம்மா.

புதன்கிழமை மத்தியானம் வீரையா ரவிகுமாரின் வீட்டுக்குச் சண்டைக்கே போய்விட்டார். அவன் வேலைக்குப் போகாமல் கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தான்.

“எந்திரிடா! என் வீட்டுப் பொம்பளைக்கு நீ யாருடா புத்தி சொல்ல?” என்று இடது கையைப் பிடித்து இழுத்தார்.

“ஐயோ மாமா, அந்தக் கை வேணாம்!”

வீரையா கையை விட்டார். அவன் மேற்கையைப் பார்த்தார். வீங்கியிருந்தது. பக்கத்தில் பெனடோல் மாத்திரை அட்டை.

“டேய்… நீ போட்டுட்டியா?”

“ஊசி போட்ட கார்ட் இல்லாட்டி கடைப் பக்கமே வராதேன்னு முதலாளி சொல்லிட்டாரு. நேத்துத்தான் போட்டேன்.”

“அப்ப அந்த ஆடியோவெல்லாம்?”

“எனக்கு வந்தத அனுப்பினேன், மாமா. எல்லாரும் இன்னும் சொல்லு, இன்னும் சொல்லுன்னாங்க. டவுன்ல நான் போனுக்குக் கண்ணாடி ஒட்டுறவன். என் பேரு கூடத் தெரியாது, ‘தம்பி’ம்பாங்க. இங்கதான் என்னய ஒரு ஆளா மதிச்சிக் கேக்குறாங்க.”

வீரையாவுக்கு இது புரிந்தது. இவ்வளவு நன்றாகப் புரிந்தது அவருக்கே பிடிக்கவில்லை.

மைக் கோயிலில் தயாராக இருந்தது. ‘ரவிகுமார் ஊசி போட்டுக்கொண்டார்’ என்று மூன்று சொல் சொன்னால் போதும். நினைக்கவே வாய் ஊறியது. ஆனால் ராக்கம்மா என்ன சொல்வாள் என்பதும் காதில் விழுந்தது: ‘உங்களுக்கு அந்தப் புள்ள மேல பொறாமை.’ அது உண்மை வேறு.

“ரவி,” என்றார், முப்பது வருஷத்தில் அவர் பேசியதிலேயே சின்னக் குரலில். “நீ வந்து அவகிட்டச் சொல்லு. நீ சொன்னாத்தான் கேப்பா.”

“குரூப்புல சொல்லச் சொல்லாதீங்க. காறித் துப்புவாங்க. அத்தைகிட்ட மட்டும்னா வாறேன்.”

வந்தான். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். ராக்கம்மா அவனைத் திட்டுவாள், நாலு சாத்துச் சாத்துவாள் என்று வீரையா ஆசையோடு காத்திருந்தார். அவளோ அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அனலா கொதிக்குதேடா! செத்துகித்துப் போயிட மாட்டியே?”

“ஒரு நாள் காய்ச்சல்தான், அத்தை. பொய்யான விஷயத்தச் சொல்லிட்டேன்.”

“முதல்ல இதக் குடி” என்று கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். போன வாரம் முழுக்க வீரையா இருமினார். அவருக்குக் கிடைத்தது, ‘வெளிய போயி இருமுங்க’ என்பது மட்டும்.

“சரி, நீ கூட வந்தா நானும் வாறேன்” என்றாள் கடைசியில். அவள் அதைப் புருஷனைப் பார்த்துச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பிள்ளைக்காம்பராவில் இருபது பேர்தான் நின்றார்கள். ரவிகுமார் தொப்பியைப் புருவம்வரை இழுத்து, மாஸ்க்கைக் கண்வரை ஏற்றி வந்தான். ராக்கம்மாவுக்கு ரகசியம் தங்காது. “பயப்படாதீங்கடி, நம்ம ரவியே போட்டுட்டான்!” என்றாள் முன்னால் நின்றவர்களிடம். செய்தி மேல் லயத்துக்குப் போய், போனில் திரும்பி வந்தது. ‘ஹோட்டல்காரன்கிட்ட எவ்வளவு வாங்கின?’ என்று ஒருத்தர் கேட்டிருந்தார். அடுத்த நிமிஷம் குரூப்பிலிருந்து அவனைத் தூக்கிவிட்டார்கள். ஆனாலும் பதினொரு பெண்கள் கொழுந்துக் கூடையோடு வந்து வரிசையில் சேர்ந்தார்கள்.

ரவிகுமார் போனையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரும் கேட்காத குரல் எப்படிக் கனக்கும் என்று வீரையாவுக்குத் தெரியும். அவன் தோளைத் தட்டலாம் என்று கையைத் தூக்கினார். அதற்குள் ராக்கம்மாவின் முறை வந்துவிட்டது. உட்கார்ந்தவள் ஊசியைப் பார்த்ததும் கையை நீட்டித் துழாவி, ரவிகுமாரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். வீரையாவின் கையில் அவளுடைய குடையும் பையும்தான் இருந்தன. தூக்கிய கையைக் கீழே போட்டார்.

“முடிஞ்சிருச்சு, அக்கா” என்று பஞ்சை வைத்தாள் பிரேமிளா. “யாராவது இத அழுத்திப் பிடிங்க.”

ரவிகுமாரின் விரல் நீண்டது.

“தள்ளுடா அங்கிட்டு!”

குடையையும் பையையும் ரவிகுமாரின் கையில் திணித்துவிட்டு, வீரையா குனிந்து பஞ்சின் மேல் கட்டைவிரலை வைத்தார்.

“மெதுவாங்க, வலிக்குது” என்றாள் ராக்கம்மா.

மெதுவாக்கினார். விரலை மட்டும் எடுக்கவில்லை. “போதும் அண்ணே, ரத்தம் நின்னுருச்சு” என்று பிரேமிளா இரண்டு தடவை சொல்லியும் எடுக்கவில்லை.