அரண்மனைக்கு நேரமில்லை

லான்ஜோவிலிருந்து பெய்ஜிங் வரை ரயிலில் உட்கார்ந்தே வந்த குய்ஜென்னுக்கு இருந்தது ஒரே ஆசைதான். பழைய பேரரசர்களின் அரண்மனையைப் பார்க்க வேண்டும். நூற்பாலையில் நின்று நின்றே தேய்ந்த முழங்கால் ஒவ்வொரு படிக்கும் சுரீரென்றது. அதை அவள் பொருட்படுத்தவில்லை.

ஆனால் சுற்றுலாப் பேருந்து காலையில் பட்டுக் கடைக்குப் போனது. பிறகு மருந்துக் கடைக்கு. மதியம் ஆறிப்போன முட்டைக்கோஸும் சோறும் போட்டுவிட்டுப் பச்சைக்கல் நகைக் கடைக்குள் எல்லாரையும் தள்ளினார்கள். வழிகாட்டிப் பெண் ஃபாங் வாசலில் குறுக்கே நின்றுகொண்டாள்.

"எதுவும் வாங்காம யாரும் வண்டியில ஏற முடியாது. இவ்வளவு மலிவா ஊரைச் சுத்திக் காட்டணும்னு எங்களுக்கென்ன வேண்டுதலா?"

"அரண்மனைக்கு எப்பம்மா போவோம்?" என்று குய்ஜென் கேட்டாள்.

"பிச்சைக்காரங்களுக்கு அரண்மனை எதுக்கு அக்கா? முதல்ல வாங்குங்க."

குய்ஜென்னுக்குக் காது சுட்டது. புருஷனைப் பார்த்தாள். தேலின் ஃபாங்கிடம் குழைந்துகொண்டிருந்தான். "கோவிச்சுக்காதம்மா. இவளுக்கு விவரம் பத்தாது."

மற்ற பயணிகளும் முணுமுணுத்தார்கள். "எதையாவது வாங்கித் தொலைங்க, கிளம்பலாம்." தேலின் அவசரமாக ஒரு வளையலை வாங்கி அவள் கையில் மாட்டிவிட்டான்.

பேருந்து கிளம்பியதும் ஃபாங் ஒலிபெருக்கியை எடுத்தாள். "அரண்மனை வாசலை இந்நேரம் அடைச்சிருப்பாங்க. போற வழியில சுவர் தெரியும், ஜன்னல் வழியா பார்த்துக்கங்க."

"சுவரும் அரண்மனைதானே," என்றான் தேலின் சமாதானமாக.

குய்ஜென் எழுந்துவிட்டாள். "வண்டியை நிறுத்து."

"நடுவுல இறங்கினா தங்குற இடத்துக்கு நீங்களாத்தான் வரணும்," என்றாள் ஃபாங்.

"வர்றேன். உங்க அம்மாவை ஒருத்தி கடையில அடைச்சு வெச்சுப் பிச்சைக்காரின்னா, நீ கேட்டுக்கிட்டு நிப்பியாடி?"

ஃபாங் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தேலின் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். "எல்லாரும் பாக்குறாங்க. உக்காரு."

"பாக்கட்டும். வீட்டுல டீ ஆறியிருந்தா கோப்பையைத் தூக்கி எறிவீங்க. இங்க என்னை ஒருத்தி பிச்சைக்காரிங்கிறா, நீங்க பல்லிளிக்கிறீங்க. வீட்டுல புலி, வெளியில எலி."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஓட்டுநர் ஓரங்கட்டி நிறுத்தினார். அவள் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள். தேலின் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே இறங்கினான்.

எதிரே அகழி. அதற்கு அப்பால் பூட்டிய அரண்மனையின் சாம்பல் நிற மதில்.

"நாளைக்குக் காலையில வருவோமா?" என்றான்.

"நாளைக்குத் திங்கக்கிழமை. திறக்க மாட்டாங்க. இதுகூடத் தெரியாமத்தான் என்னைக் கூட்டிட்டு வந்தீங்க."

"நாளைக்கு ராத்திரி ரயிலாச்சே நமக்கு?"

"நீங்க போங்க. உள்ள போய்ப் பார்க்காம நான் ஊர் திரும்பறதா இல்லை."

அகழியை ஒட்டி அவள் நொண்டியபடியே நடக்கத் தொடங்கினாள். பின்னாலிருந்து தேலின், "கால் வலிக்குதா?" என்று கேட்டான்.

"இப்பத்தான் கேக்கத் தோணுச்சா?" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.